வெளிக் கேமராவில் படம் மங்குகிறதா? எந்த நேரத்தில் என்று முதலில் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் சிசிடிவி வேலை பார்க்கிறவர்களுக்கு ஐப்பசி பிறந்துவிட்டால் போன் ஓயாது. தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர் பக்கம் கொட்டும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் "கேமரா எல்லாம் வெள்ளையா இருக்குங்க", "கேட்டுல நிக்கறது யாருன்னே தெரியல", "வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல" என்று ஒரே மாதிரிப் புகார்கள் வரும். பேச்சு முடியும்போது புதுக் கேமரா என்ன விலை என்றும் கேட்டுவிடுவார்கள். விலை சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த நேரத்தில் மங்குகிறது?

இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பகலில் பளிச்சென்று இருந்து இரவில் மட்டும் புகைபோலத் தெரிந்தால் அது வெளிச்சம் திரும்பி அடிக்கிற கோளாறு. விடியற்காலையில் மங்கி, வெயில் ஏறியதும் தானாகத் தெளிந்தால் ஈரம். எல்லா நேரமும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் அழுக்கு, கீறல் அல்லது ஃபோகஸ். யாருக்கும் இதெல்லாம் ஞாபகம் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. ரெக்கார்டரில் எல்லாம் பதிவாகி இருக்கிறதே. முந்தைய நாள் பதிவைப் போட்டு நண்பகல், பொழுது சாயும் நேரம், நள்ளிரவு, விடியற்காலை, காலை பத்து மணி ஆகிய ஐந்து நேரங்களில் நிறுத்தி, திரையைப் போனில் படம் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏணி ஏறுவதற்கு முன்பே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஐந்து படத்தையும் ரெக்கார்டரோடு இணைந்த டிவியிலோ மானிட்டரிலோ பார்க்க வேண்டும். போனில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கேமரா ஒரே நேரத்தில் இரண்டு வகையான படம் அனுப்புகிறது. ரெக்கார்டருக்கு மெயின் ஸ்ட்ரீம், போன் ஆப்புக்குப் பெரும்பாலும் சப் ஸ்ட்ரீம். சப் ஸ்ட்ரீம் என்பது நெட் குறைவாகச் செலவாவதற்காகச் சுருக்கிய படம். 4 மெகாபிக்சல் கேமராவானாலும் அதில் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆப்பின் மூலையில் எஸ்டி, எச்டி என்று மாற்றுகிற பட்டன் இருக்கும். அதைத் தொட்டதும் "அட, நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். டிவியில் நேரடிப் படம் தெளிவாக இருந்து, பழைய பதிவு மட்டும் மங்கலாக இருந்தால் ரெக்கார்டரின் பதிவுத் தரம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் அதிக நாள் தங்கட்டும் என்று பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் பதிவுக்கு ஒதுக்கும் தகவல் அளவை, கீழே இறக்கிவிட்டுப் போகும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. பதினைந்து நாள் தெளிவான பதிவு, இரண்டு மாதம் மங்கலான பதிவு, இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். முகம் தெரியாத பதிவு எத்தனை நாள் இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷனில் எதற்கும் உதவாது.

எல்லா நேரமும் மங்கலாக இருக்கும் கேமராவில் நான் முதலில் தேடுவது பாதுகாப்புத் தாளை. புதுக் கேமராவின் கண்ணாடி மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி வரும். வேலை முடியும் வரை கைரேகை படாமல் இருக்கட்டும் என்று மாட்டுகிறவர் விட்டுவைப்பார், அப்புறம் மறந்துவிடுவார். முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. வெயிலில் காய்ந்து சுருங்கி, ஓரத்தில் தூசி புகுந்து, அது பால்நிறமாக மாறும்போதுதான் கேமரா கெட்டுவிட்டது என்று போன் வரும். உரித்து எடுத்ததும் படம் தெளிந்துவிடும். அதே போல, வீட்டுக்குப் பெயின்ட் அடித்த பிறகு மங்கிய கேமரா என்றால் பெயின்ட் தூறல் பட்டிருக்கும். பெயின்ட்டர் வருவதற்கு முன் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்றுங்கள்.

இனி இரவுக் கோளாறு. இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள சின்ன விளக்குகள் எரியும். சாதாரணக் கேமராக்களில் இவை 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகள். உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். நாம் ஐஆர் என்று சொல்வது இதைத்தான். இந்த வெளிச்சம் போகிற வழியில் பக்கத்திலேயே எது இருந்தாலும் அதில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் அடிக்கும். சன்ஷேடின் விளிம்பு, வெள்ளைச் சுவர், தண்ணீர் பைப், வளர்ந்து வந்த செடியின் இலை எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்ப்பது சிலந்தி வலை. கேமராவுக்குப் பக்கத்தில் வாசல் பல்பு இருந்தால் பூச்சி வரும், பூச்சி இருக்கும் இடத்தில் சிலந்தி வலை கட்டும். பகலில் கண்ணுக்கே தெரியாத ஒற்றை இழை, இரவில் திரையின் பாதியை வெள்ளையாக்கிவிடும். தேங்காய் நார் ஒட்டடைக் குச்சியால் இதைத் தட்டாதீர்கள், பிளாஸ்டிக் மூடி கீறிப்போகும். குச்சி முனையில் மென்மையான பெயின்ட் பிரஷ் கட்டிக்கொண்டால் போதும். பூச்சி மருந்தைச் சுற்றியுள்ள சுவரில் அடிக்கலாம், கேமரா மேல் அடிக்கக் கூடாது.

ஐஆர்தான் காரணமா என்று உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. இரவில் கேமராவின் செட்டிங்கில் ஐஆரை அணைத்துவிட்டு, வேறொருவரைக் கேட் அருகே பக்கவாட்டில் நின்று டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். டார்ச் வெளிச்சம் பட்ட இடம் தெளிவாகத் தெரிந்தால் லென்ஸில் குறை இல்லை. ஐஆர் எங்கிருந்து திரும்புகிறது என்று மட்டும் தேடினால் போதும். அரைக்கோள மூடி போட்ட டோம் கேமராவாக இருந்து, வெளியே வலையோ தூசியோ எதுவும் இல்லை என்றால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், சிலவற்றில் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். ஐஆர் வெளிச்சம் மூடியின் உட்புறத்தில் பட்டு லென்ஸுக்குள் வராமல் தடுப்பது அதுதான். கோணத்தைத் திருப்பும்போது அது விலகிவிட்டாலோ, மூடி சரியாக உட்காராமல் இடைவெளி விழுந்தாலோ, இரவு முழுக்க வெண்புகை தெரியும். வளையத்தைச் சரியாக மூடியோடு ஒட்டி உட்காரவைத்தால் முடிந்தது. மலையில் வெளியே மாட்டுவதற்கு டோமைவிட டரட் வகையை நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான். அதில் லென்ஸும் ஐஆரும் தனித்தனியாக இருக்கும், பொதுவான மூடி கிடையாது.

வலையும் இல்லை, வளையமும் சரி, ஆனாலும் வெள்ளை என்றால் அது நிஜமான பனிமூட்டமாக இருக்கலாம். குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். மேகம் எங்கள் வீட்டு வாசலுக்கே வரும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறுகிற டிரைவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மிஸ்ட்டில் ஹைபீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தானே எழும்பும், அதேதான் இங்கேயும் நடக்கிறது. லென்ஸை ஒட்டி இருக்கும் ஐஆர், நேர் எதிரே உள்ள நீர்த்துளிகளில் பட்டு அப்படியே திரும்புகிறது. 940 நானோமீட்டர் ஐஆர் பனியைத் துளைக்கும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். இரண்டு அலைநீளமும் ஒரு மைக்ரானுக்குள் அடங்கிவிடும். பனித்துளியோ பல மைக்ரான் பருமன். துளிக்கு இரண்டும் ஒன்றுதான். மெனுவில் இருக்கும் டிஃபாக் வசதி கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும், பகல் நேரத்து லேசான மூட்டத்துக்குக் கொஞ்சம் உதவும். கேமராவுக்கு வந்தே சேராத விவரத்தை அதனால் உருவாக்க முடியாது.

உண்மையில் பலன் தருவது இரண்டு. ஒன்று, வெளிச்சத்தைக் கேமராவில் இருந்து பிரிப்பது. கேமராவின் ஐஆரை அணைத்துவிட்டு, கேட் தூணிலேயே தாழ்வாக, பக்கவாட்டில் இருந்து விழுகிற மாதிரி ஒரு விளக்கு போட்டால், அதே பனியில் ஆள் உருவம் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு, தூரத்தைக் குறைப்பது. பங்களா முகப்பில் இருந்து நாற்பது அடி தள்ளியுள்ள கேட்டைப் பார்க்கும் கேமரா எவ்வளவு விலையானாலும் மிஸ்ட்டில் தோற்கும். பத்தடியில் மாட்டிய சாதாரணக் கேமரா முகத்தைக் காட்டும். கேபிளுக்குச் செலவு கூடத்தான் செய்யும். அந்தச் செலவு வீண் போகாது.

இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஈரம்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணாடி வேர்த்திருந்தால் முதலில் வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துடைத்த இடம் தெளிந்தால் அது வெளியே இறங்கிய பனி, தானாகப் போய்விடும், ஒன்றும் செய்ய வேண்டாம். துடைத்தும் தெளியவில்லை என்றால் ஈரம் உள்ளே இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான் தாங்க முடியும். மீதி எங்கே போகும்? உள்ளே எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அதன் மேல் துளியாகப் படியும். வெளிக்காற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் முன் கண்ணாடிதான் முதலில் குளிரும். வெயில் பட்டதும் துளி மறுபடி ஆவியாகிப் படம் தெளியும். அதைப் பார்த்துவிட்டு "தானா சரியாயிடுச்சு" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. இப்படியே விட்டால் போர்டில் பச்சை பூக்கும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். லென்ஸுக்குள் பூஞ்சை இழை ஓடிவிட்டால் அப்புறம் கேமராவை மாற்றத்தான் வேண்டும்.

"ஐபி67 போட்டிருக்கே, எப்படித் தண்ணி போகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் குறியீடு. முதல் 6 தூசி புகாது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் 6 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். எல்லாமே தூசியையும் தண்ணீரையும் பற்றிய சோதனை. காற்றில் உள்ள ஈரப்பதத்தைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. மழை நாளில் மூடியைத் திறந்து கோணம் திருப்பி மூடினால், அந்த ஈரக்காற்றையும் சேர்த்துத்தான் உள்ளே பூட்டுகிறோம்.

ஒரு எஸ்டேட் பங்களாவின் கேட்டில் இருந்த புல்லட் கேமரா (நீள உருளை வடிவம்) ஒவ்வொரு மழைக்கும் வேர்த்தது. காவலுக்கு இருந்த அண்ணன், "தம்பி, போன தடவை வந்தவங்க கண்ணாடியைச் சுத்தி நல்லா சிலிக்கான் அடிச்சாங்க, அப்பவும் நிக்கல" என்றார். கண்ணாடி ஓரத்தில் குறையே இல்லை. பங்களா மொட்டை மாடியில் கேபிளுக்கு ஒரு ஜாயிண்ட் போட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். வெயிலில் பசை காய்ந்து டேப் அவிழ்ந்து கிடந்தது. அங்கே இறங்கிய மழைத்தண்ணீர் கேபிள் உறைக்குள்ளேயே பயணம் செய்து, கீழே உள்ள கேமராவின் பின்னால் தொங்கும் வால் வயர் வரை வந்திருந்தது. கனெக்டரைப் பிரித்தபோது சொட்டியது. செம்பு பச்சையாகி இருந்தது.

இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் முன்பக்கத்தைவிட வால் பக்கம்தான் அதிகம் நுழைகிறது. மதிய வெயிலில் கேமராவின் உள்காற்று சூடாகி விரிந்து வெளியேறப் பார்க்கும். திடீரென்று மழை பெய்து உடல் குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து, எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். அந்தச் சந்தில் தண்ணீர் நின்றால் தண்ணீரே உள்ளே போகும். ஆகவே முகத்தைச் சுற்றி எவ்வளவு பூசினாலும் பயனில்லை.

அந்தக் கேட்டில் கெட்ட ஜாயிண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேபிளை இடையில் ஜாயிண்ட் இல்லாமல் ஒரே இழுப்பாக இழுத்தோம். கேமரா அருகே ஒரு பிவிசி பாக்ஸ் வைத்து, கனெக்டர் முழுவதையும் அதற்குள் விட்டு, கேபிள் பாக்ஸின் அடிப்பக்கமாக நுழையும்படி செய்தோம். நுழைவதற்கு முன் கேபிள் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நெட்வொர்க் கேமராவாக இருந்தால் பெட்டிக்குள் ஒரு சின்னப் பையில் ரப்பர் வளையமும் திருகு மூடியும் வரும். நெட் கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே45 கனெக்டர் மேல் போட வேண்டிய மழை மூடி அது. கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்துவதற்கு (கிரிம்ப்) முன்பே கோர்க்க வேண்டும் என்பதால், அவசரத்தில் அந்தப் பையை அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் கேமரா மாட்டும்போது "அந்த மூடியைப் போட்டீங்களா?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

சிலிக்கான் பற்றி ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கானில் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை அது, செம்பையும் சாலிடரையும் அரிக்கும். பாத்ரூம் கண்ணாடிக்குச் சரி, கேமரா பாக்ஸுக்கு ஆகாது. நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். பூசும்போதும் பாக்ஸின் மேலும் பக்கங்களிலும் பூசுங்கள், அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். எப்படியாவது புகுந்த தண்ணீர் வெளியேற அந்த ஒரு வழியாவது வேண்டும்.

உள்ளே ஈரம் புகுந்த கேமராவைக் காயவைக்க வேண்டுமானால் முதலில் பவரை எடுத்துவிடுங்கள். வெயில் அடிக்கும் வறண்ட நாளாகப் பாருங்கள், மூட்டம் போட்ட நாளில் திறப்பது வீண். டோம் என்றால் கூட வந்த ஆலன் கீயால் மூடியைக் கழற்றலாம். புல்லட்டின் முன் மூடி சிலவற்றில் திருகிக் கழலும். கழலாதபடி ஒட்டியிருந்தால் உடைக்க வேண்டாம், வாரண்டி இருந்தால் திறக்கவே வேண்டாம். திறந்த கேமராவை வீட்டுக்குள் டேபிள் ஃபேன் காற்றில் ஒரு பகல் வைத்தால் போதும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டலாம். போனுக்குச் செய்கிற மாதிரி அரிசிக்குள் புதைக்காதீர்கள், அந்த மாவுத்தூசி லென்ஸில் ஒட்டிக்கொண்டால் புது வேலை சேரும். மூடுவதற்கு முன் ரப்பர் கேஸ்கெட்டைத் துடைத்து, முறுக்கில்லாமல் உட்காரவைத்து, லென்ஸை மறைக்காத மூலையில் ஒரு புதுச் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நிறம் மாறும் வகை நல்லது. நீலம் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு பச்சையானாலோ அது நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டும். உள்ளே ஏற்கெனவே ஒரு பழைய பொட்டலம் இருக்கும். அதையே திரும்ப வைத்தால் பலன் இருக்காது.

கடற்கரை ஊர்களில் கதை வேறு. என் மச்சான் தூத்துக்குடியில் உப்பளம் பக்கம் லாரி ஷெட் வைத்திருக்கிறார். அவருடைய கேமராக்கள் இரவிலும் விடியலிலும் பால் ஊற்றியது போல இருக்கும், நண்பகலில் கொஞ்சம் தெளியும். அங்கே உள்ளே ஈரமே இல்லை. கண்ணாடி மேல் உப்பு படிந்திருந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றில் உள்ள நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ராத்திரிக்கு அந்த ஈரப்பதம் சர்வ சாதாரணம். வெயில் ஏறியதும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஷெட் பையன்கள் அதைத் தினமும் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். உப்புப் படிகம் மணல் காகிதம் மாதிரி வேலை செய்துவிட்டது; மூடி முழுக்க நுண்ணிய கீறல், ஒவ்வொரு கீறலும் இரவில் ஐஆரைச் சிதறடித்தது. மூடியை மட்டும் தனியாக வாங்கி மாற்றினோம், கேமரா அப்படியே இருக்கிறது.

துடைக்கும் முறை எல்லா ஊருக்கும் ஒன்றே. முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் தூசியையும் உப்பையும் கரைத்து ஓடவிட வேண்டும். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். மறுபடி நல்ல தண்ணீர். தின்னர், பெட்ரோல் கிட்டேயே போகக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வேண்டாம். டோம் மூடிகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அந்த ரசாயனங்கள் பட்டால் அது வெளுத்து, நுண்விரிசல் விடும். வருடக்கணக்கில் வெயில் பட்டு மஞ்சளித்த மூடியையும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஃபோகஸ் கோளாறு மற்றவற்றைவிடக் குறைவுதான். பக்கத்துப் பொருள் தெளிவாக, தூரத்துப் பொருள் மங்கலாக, அல்லது நேர்மாறாக இருந்தால் லென்ஸ் நகர்ந்திருக்கிறது. 2.8 முதல் 12 மில்லிமீட்டர் வரை மாற்றக்கூடிய வேரிஃபோக்கல் லென்ஸ் என்றால் திருப்பிச் சரிசெய்யலாம், ஆனால் அதைப் பகலில் மட்டும் செய்து முடிக்காதீர்கள். சில லென்ஸ்களில் ஐஆர் வெளிச்சம் குவியும் இடம் பகல் வெளிச்சத்தில் இருந்து சற்று விலகும். பகலில் கச்சிதமாக வைத்தது இரவில் மென்மையாகத் தெரியும். இருட்டிய பிறகு ஒரு முறை பார்த்துச் சரிசெய்தால் பகலிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நிற்கும் பைக் தெளிவாகவும் நடக்கிற ஆள் மட்டும் கரைந்தும் தெரிந்தால் அது ஃபோகஸ் இல்லை, ஷட்டர் வேகம். 1/25 நொடியில் இருந்தால் 1/100 நொடி ஆக்கிப் பாருங்கள். படம் கொஞ்சம் இருட்டும், அதற்கு விளக்கு கூட்ட வேண்டும். காலையில் மட்டும், அதுவும் கிழக்குப் பார்த்த கேமரா மட்டும் வெளுத்தால் சூரியன் நேராக அடிக்கிறது. மேல் தொப்பியை முன்னால் இழுத்து, கேமராவைச் சற்றுக் கீழே சாயுங்கள்.

இப்போதெல்லாம் நான் கேமரா மாட்டிய அன்றே நண்பகலில் ஒரு படமும் இரவு ஐஆர் எரியும்போது ஒரு படமும் எடுத்து, வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பி வைத்துவிடுகிறேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் புரட்டாசியில் ஒரு முறை அதே இரண்டு நேரத்தில் படம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்க்கச் சொல்வேன். மங்கல் ஆரம்பித்திருந்தால் அப்போதே தெரியும். காயவைக்க வெயிலும் அந்த மாதத்தில் கிடைக்கும்.